கேல் ரிப்கன் ஜூனியர்: ஒரு ஷார்ட்ஸ்டாப்பின் 21 வருடங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பாலில் 2,632 என்ற எண்ணைச் சொன்னால் போதும், பெயர் சொல்லத் தேவையில்லை. அத்தனை ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் ஆடிய பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கேல் ரிப்கன் ஜூனியர்தான் அது. ஆனால் அந்த எண்ணே அவருக்கு ஒரு திரையும் ஆகிவிட்டது. "ஓ, லீவே போடாத ஆளா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் எப்படி ஆடினார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாம்.

இன்ஃபீல்டர் என்றால் யார்? ஷார்ட்ஸ்டாப் எங்கே நிற்பார்?

பேஸ்பால் மைதானத்தின் உள்பகுதி ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு பேஸ். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. பேட்டர் நிற்கும் மூலை ஹோம். மற்ற மூன்றையும் ஒட்டி நின்று காவல் காப்பவர்கள் இன்ஃபீல்டர்கள். முதல் பேஸுக்கு ஒருவர், இரண்டாவதற்கு ஒருவர், மூன்றாவதற்கு ஒருவர். நான்காமவருக்குச் சொந்தமாக பேஸ் கிடையாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள வெற்றிடம்தான் அவருடைய நிலம். அவர்தான் ஷார்ட்ஸ்டாப். கிரிக்கெட் கணக்கில் சொன்னால், வலது கை பேட்டருக்கு மிட்-ஆனுக்கும் மிட்-விக்கெட்டுக்கும் நடுவில், நாற்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வலது கை ஆட்டக்காரர்கள் இழுத்து அடிக்கும் பந்தெல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். அதனால் இன்ஃபீல்டில் வேலைச்சுமை அதிகம் உள்ள இடம் அது.

வேலை என்ன என்று ஒரே ஒரு பந்தை வைத்துச் சொல்கிறேன். பேட்டர் தரையோடு அடிக்கிறார். அடித்த கணமே முதல் பேஸை நோக்கி ஓட ஆரம்பிக்கிறார். சாதாரண ஓட்டக்காரருக்கு நாலேகால் விநாடி போதும். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் பந்தின் பாதைக்குப் போக வேண்டும், எகிறுமா தாழுமா என்று கணித்துக் குனிய வேண்டும், இடது கைக் கையுறையில் வாங்கி வலது கைக்கு மாற்ற வேண்டும், முப்பத்தைந்து நாற்பது மீட்டர் தாண்டி முதல் பேஸில் நிற்பவரின் கையுறைக்கு நேராக எறிய வேண்டும். பந்து ஒரு முறை கையில் தடுமாறினால் ஓடியவர் தப்பிவிடுவார். கிரிக்கெட்டில் மிஸ்ஃபீல்டுக்கு ஒரு ரன்னும் வர்ணனையாளரின் ஒரு "ச்சே"யும்தான் தண்டனை. இங்கே அது "எரர்" என்று உங்கள் பெயருக்கு நேரே எழுதப்பட்டு, வாழ்நாள் கணக்கில் ஏறிவிடும்.

ரிப்கன் எந்த ஊர்? எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தார்?

1960 ஆகஸ்ட் 24-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் அபர்டீன் என்ற சிற்றூர். பேஸ்பாலுக்கு அவர் வந்தார் என்பதைவிட, பேஸ்பால் இருந்த வீட்டில் பிறந்தார் என்பதே சரி. அப்பா கேல் ரிப்கன் சீனியர் ஓரியோல்ஸ் நிறுவனத்தில் 36 வருடம் இருந்தவர். உச்ச நிலையான மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் ஆட்டக்காரராக ஆரம்பித்து, பயிற்சியாளராகி, கடைசியில் மேனேஜரும் ஆனார். (பேஸ்பாலில் மேனேஜர் என்றால் கணக்கு பார்ப்பவர் அல்ல; யார் ஆட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் தலைமைப் பயிற்சியாளர்.)

பயிற்சி செய்தால் மட்டும் போதாது, பிழையில்லாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்பது சீனியரின் வேதம். தப்பாக நூறு முறை செய்தால் தப்புதான் பழகும் என்பார். மகனின் ஆட்டத்தில் அலங்காரமே இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த வீடுதான் என்று நினைக்கிறேன்.

அவரைப் பிட்சராக்கப் பார்த்தார்களாமே?

உண்மைதான். பள்ளியில் அவர் பந்தும் வீசினார், நன்றாகவே வீசினார். 1978-இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைப் பொறுக்கும் தேர்வில், ஓரியோல்ஸ் அணி அவரை இரண்டாம் சுற்றில், மொத்த வரிசையில் 48-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது, பிட்சரா இன்ஃபீல்டரா என்று உள்ளுக்குள் விவாதமே நடந்தது. கடைசியில் வென்றது ஒரு எளிய கணக்கு. பேட்டிங் வரவில்லை என்றால் பிற்பாடு பந்து வீசப் போகலாம்; நாலைந்து வருடம் பந்து மட்டும் வீசிவிட்டு மட்டையைத் தூக்குவது நடக்காத காரியம்.

மைனர் லீக் காலம் எப்படி இருந்தது?

முதல் வருடம் புளூஃபீல்ட் என்ற மலையூர் அணியில் 63 ஆட்டம் ஆடி, ஒரு ஹோம் ரன்கூட (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடிக்கவில்லை. பின்னாளில் 431 ஹோம் ரன் அடித்தவரின் ஆரம்பம் பூஜ்ஜியம். இரண்டு வருடம் கழித்து சார்லட் அணியில் 25 அடித்தார்.

1981-இல் ரோச்செஸ்டர் அணியில் இருந்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல் 18 மாலை பாட்டக்கெட் அணியோடு ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் (இரு அணியும் மூன்று அவுட் வரை ஒருமுறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்) முடிய வேண்டியது சமநிலையில் நின்றது. பேஸ்பாலில் டிரா கிடையாது, யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டும். ஆடினார்கள். நள்ளிரவு தாண்டியது. ஈஸ்டர் ஞாயிறு விடிய ஆரம்பித்தது. காலை 4:07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்த பிறகு, ஒருவழியாக நிறுத்தச் சொன்னார்கள். அப்போது அரங்கில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூன் 23-இல் மீண்டும் தொடங்கி, 33-ஆவது இன்னிங்ஸில் பாட்டக்கெட் 3–2 என்று ஜெயித்தது. மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டம் இன்றுவரை அதுதான். ரோச்செஸ்டருக்கு மூன்றாம் பேஸில் நின்றவர் 20 வயது ரிப்கன். எதிரணியின் மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ். அவரும் பின்னாளில் மூவாயிரம் ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) தாண்டியவர்.

மேஜர் லீக்கில் எப்போது நுழைந்தார்?

1981 ஆகஸ்ட் 10. அதுவும் பேட்டராக அல்ல, இன்னொருவருக்குப் பதில் ஓட வந்த மாற்று ஓட்டக்காரராக. அந்த வருடம் 39 முயற்சியில் 5 ஹிட் மட்டுமே. இருந்தும் ஓரியோல்ஸ் நிர்வாகம் அவரை நம்பியது. மூன்றாம் பேஸில் நிலையாக ஆடிக்கொண்டிருந்த டக் டிசின்சேயை வேறு அணிக்கு அனுப்பி இடம் காலி செய்து கொடுத்தது. 1982-இன் முதல் ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார். அப்புறம் ஏப்ரல் முழுக்கத் தடுமாற்றம். பிறகு நிமிர்ந்து, 28 ஹோம் ரன்னோடு சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார்.

அந்த வருடம் ஜூலை 1-இல்தான் மேனேஜர் ஏர்ல் வீவர் அவரை மூன்றாம் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்றினார். தற்காலிக ஏற்பாடு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1996 வரை நீடித்தது.

ஆறடி நாலங்குல ஆள் ஷார்ட்ஸ்டாப் ஆவது அவ்வளவு அதிசயமா?

அந்தக் காலத்தில் அதிசயம்தான். ஷார்ட்ஸ்டாப் என்றால் ஒல்லியாக, சுறுசுறுப்பாக, அணில் மாதிரி இருக்க வேண்டும். மட்டை பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ரிப்கனுக்கு முன்னால் ஓரியோல்ஸில் அந்த இடத்தைப் பல வருடம் காத்த மார்க் பெலாஞ்சரே அதற்கு உதாரணம். தடுப்பாட்டத்துக்காக எட்டு கோல்டு கிளவ் விருது வாங்கியவர். 18 வருடத்தில் அடித்த ஹோம் ரன் மொத்தம் 20. ரிப்கன் தன் முதல் முழு வருடத்திலேயே 28.

சரி, நூறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு பந்தை எப்படி எட்டினார்? ஓடி எட்டவில்லை. பந்து வருமுன் அங்கே போய் நின்றார். எந்த பேட்டர் எந்த வகைப் பந்தை எந்தப் பக்கம் அடிப்பார் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், விரலால் பிட்சருக்குக் காட்டும் சைகையை ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க முடியும். அடுத்து வருவது வேகப்பந்தா, வளைபந்தா என்று தெரிந்ததும் இரண்டு எட்டு இடமோ வலமோ நகர்ந்துகொள்வார். அந்த இரண்டு எட்டுதான் வித்தை. பாய்ந்து விழுந்து புழுதியில் புரண்டு பிடிப்பவரைக் கூட்டம் எழுந்து நின்று பாராட்டும். ரிப்கன் நின்ற இடத்துக்குப் பந்து தானாக வருவது போலிருக்கும். யாரும் கை தட்டமாட்டார்கள்.

எண்கள் கை தட்டும். 1984-இல் 583 அசிஸ்ட், அதாவது பந்தைப் பொறுக்கி எறிந்து இன்னொருவர் கையால் ஆட்டமிழக்க வைத்தவை. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் ஷார்ட்ஸ்டாப்களில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. 1990-இல் வருடம் முழுக்க மூன்றே எரர், அதில் தொடர்ந்து 95 ஆட்டம் எரரே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வருடத்துக் கோல்டு கிளவ் அவருக்குக் கிடைக்கவில்லை. ஓஸி கியேனுக்குப் போனது. வாக்களித்தவர்களின் கண் எதைத் தேடியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1991-இலும் 92-இலும் ஒருவழியாகக் கொடுத்தார்கள்.

உலகத் தொடர் ஜெயித்திருக்கிறாரா?

மேஜர் லீக்கின் இறுதிப் போட்டிதான் உலகத் தொடர். ஒரே முறை, 1983. அப்போது அவருக்கு வயது 23. அந்த வருடம் 211 ஹிட், 27 ஹோம் ரன். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. ஃபிலடெல்ஃபியாவை ஐந்து ஆட்டத்தில் முடித்தார்கள். உலகத் தொடரில் அவர் மட்டை மட்டும் பேசவில்லை, 18 முயற்சியில் 3 ஹிட். இனிமேல் வருடாவருடம் வரப்போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார். திரும்பப் போகவே இல்லை.

அப்பாவே மேனேஜராக இருந்தாராமே? வீட்டிலும் மைதானத்திலும் ஒரே ஆளா?

1987-இல் சீனியர் முழுநேர மேனேஜர் ஆனார். ஜூலையில் தம்பி பில்லி ரிப்கனும் அணிக்கு வந்து இரண்டாம் பேஸில் நின்றார். ஒரு தந்தை இரண்டு மகன்களை ஒரே சமயத்தில் மேஜர் லீக்கில் நடத்தியது அதுவே முதல் முறை. ஷார்ட்ஸ்டாப் அண்ணன், பக்கத்திலேயே தம்பி, டக்அவுட்டில் (மைதானத்தோரம் அணியினர் உட்காரும் இடம்) அப்பா. கேட்க அழகாக இருக்கிறது. அணிதான் அழகாக இல்லை.

இன்னொரு சங்கிலியும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, பலருக்கு இது தெரியாது. 1982 ஜூனிலிருந்து ரிப்கன் ஆட்டத்தை மட்டுமல்ல, ஒரு இன்னிங்ஸைக்கூட விட்டதில்லை. 903 ஆட்டம், 8,243 இன்னிங்ஸ். எனக்கு 2,632-ஐவிட இதுதான் மலைப்பு. 1987 செப்டம்பர் 14-இல் டொராண்டோவில் எதிரணி பத்து ஹோம் ரன் அடித்து 18–3 என்று நொறுக்கிய இரவில், அப்பாதான் மகனைப் போதும் என்று உட்காரவைத்தார். வேறு மேனேஜருக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா, சந்தேகம்தான்.

அடுத்த வருடம் சீசன் தொடங்கி ஆறு ஆட்டம் தோற்றதுமே சீனியரை நீக்கிவிட்டார்கள். நீக்கியும் பயனில்லை, தோல்வி 21 வரை நீண்டது. சீசன் தொடக்கத்தில் அத்தனை தொடர் தோல்வி அதற்கு முன் எந்த அணிக்கும் நேர்ந்ததில்லை. அப்பாவை வேலையைவிட்டு அனுப்பிய அதே அணிக்காக மகன்கள் அன்றே சீருடை மாட்டி இறங்க வேண்டியிருந்தது. இறங்கினார்கள்.

2,632 எப்போது தொடங்கியது? அதற்கு முன் அது யாருடைய சாதனை?

1982 மே 30. முந்தின நாள் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். மறுநாள் ஆடினார், அவ்வளவுதான். 16 வருடத்துக்கு அடுத்த விடுப்பு இல்லை.

முந்தைய சாதனை நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதல் பேஸ் வீரர் லூ கெரிக்குடையது. 1925 முதல் 1939 வரை 2,130 ஆட்டம். அவர் நின்றது சலிப்பாலோ காயத்தாலோ அல்ல. நரம்பு செயலிழந்து தசைகள் ஒவ்வொன்றாக முடங்கும் ஏஎல்எஸ் நோய் அவரைத் தாக்கியிருந்தது. அமெரிக்காவில் இன்றும் அதை லூ கெரிக் நோய் என்றே சொல்கிறார்கள். அதனால் அந்த 2,130 வெறும் எண் அல்ல. அதைத் தாண்டுவது கொஞ்சம் சமாதிமேல் கால் வைப்பது போல. ரிப்கன் அதை நன்றாகவே உணர்ந்திருந்தார். தாண்டிய இரவின் பேச்சிலும் கெரிக்கின் பெயரை மரியாதையோடு சொன்னார்.

இத்தனை வருடத்தில் காயமே படவில்லையா?

பட்டது, பல முறை. 1985 ஏப்ரலில் கணுக்கால் சுளுக்கியது; நல்ல வேளை, மறுநாள் நடந்தது கடற்படைக் கல்லூரியோடு ஒரு காட்சி ஆட்டம், அது லீக் கணக்கில் சேராது. அதை விட்டுவிட்டு அதற்கடுத்த நாள் வந்துவிட்டார். 1993 ஜூனில் சியாட்டில் அணியோடு மைதானத்திலேயே கைகலப்பு. குவியலில் முழங்கால் திருகிக்கொண்டது. மறுநாள் காலையில் கால் ஊன்றவே முடியவில்லை. சாயங்காலம் ஆடினார். 1996-இல், லீக்கின் சிறந்த வீரர்களைத் திரட்டி நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன் குழுப் புகைப்படம் எடுக்கும்போது பக்கத்திலிருந்தவர் தடுமாறி, அவர் கை பட்டு மூக்கே உடைந்தது. மூக்கை நிமிர்த்திவிட்டு அன்றைக்கே இறங்கினார். போட்டோ எடுக்கப் போய் மூக்குடைந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

1995 செப்டம்பர் 6 இரவு என்ன நடந்தது?

அந்த இரவைப் புரிந்துகொள்ள முந்தின வருடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, 1904-க்குப் பிறகு முதல் முறையாக உலகத் தொடரே ரத்தானது. கோடீஸ்வர முதலாளிகளும் லட்சாதிபதி வீரர்களும் சண்டை போட்டதில் ரசிகர்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். 1995 தொடக்கத்தில் வெளியாட்களை வைத்து ஆட்டத்தை நடத்தலாம் என்று ஒரு திட்டம் வந்தது. நடந்திருந்தால் ரிப்கனின் தொடர் என்னவாகியிருக்கும்? ஓரியோல்ஸ் முதலாளி பீட்டர் ஆஞ்செலோஸ் மாற்று அணியை இறக்கவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஆட்டம் திரும்பியதும் காலி இருக்கைகள். அந்த வருடம் ரிப்கன் ஆட்டம் முடிந்த பிறகும் மைதானத்தில் நின்று நெடுநேரம் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

அன்றைக்கு எதிரணி கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ். ஓரியோல்ஸின் சொந்த அரங்கமான கேம்டன் யார்ட்ஸின் வலப்பக்கம் பழைய ரயில்வே கிடங்கு ஒன்று உண்டு, நீண்ட செங்கல் கட்டடம். அதன் சுவரில் தொடரின் எண்ணை ஆளுயரத்துக்கு மேல் தொங்கவிட்டிருந்தார்கள். வேகமாகப் பார்ப்பவர்கள் முதல் பந்திலேயே சாதனை என்று நினைப்பார்கள், அப்படி இல்லை. ஆட்டம் பாதி முடிந்தால்தான் அது அதிகாரபூர்வ ஆட்டம். சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால், ஐந்தாம் இன்னிங்ஸில் எதிரணி மூன்றாவது விக்கெட்டை, மன்னிக்கவும், மூன்றாவது அவுட்டை இழக்க வேண்டும். நான்காம் இன்னிங்ஸில் ரிப்கனே ஒரு ஹோம் ரன் அடித்தார். வானொலி வர்ணனை அறையில் உட்கார்ந்திருந்த ஜனாதிபதி பில் கிளின்டன் மைக்கிலேயே கத்தினார். ஐந்தாவதில் ஏஞ்சல்ஸின் கடைசி அவுட் ஒரு சாதாரண உயரப் பந்து. அது கையுறையில் விழுந்ததும் சுவரிலிருந்த 0 உருண்டு 1 ஆனது: 2,131.

ஆட்டம் 22 நிமிடம் நின்றது. அவர் டக்அவுட்டிலிருந்து வெளியே வந்து கையசைத்தார், உள்ளே போனார். கூட்டம் விடவில்லை. மறுபடி வந்தார். சட்டையைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். உள்ளே போட்டிருந்த பனியனில் அப்பாவுக்கு 2,130-க்கும் மேலான முத்தங்கள் என்று எழுதியிருந்தது. அப்போதும் சத்தம் அடங்கவில்லை. சக வீரர்கள் ரஃபேல் பல்மேரோவும் பாபி போனியாவும் "ஒரு சுற்று போய் வந்தால்தான் ஆட்டம் தொடரும்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள். தயங்கித் தயங்கித்தான் ஓட ஆரம்பித்தார். பிறகு ஓட்டம் நடையானது. வேலியோரம் நீட்டிய கைகளைத் தொட்டுக்கொண்டே போனார். காவலர்கள், மைதான ஊழியர்கள், தனக்கு முகம் தெரிந்த ரசிகர்கள், கடைசியில் வரிசையில் நின்ற எதிரணி வீரர்கள். மேலே ஒரு தனி அறையில் அப்பா நின்றிருந்தார். அவரை அண்ணாந்து பார்த்தார். அந்த ஒரு பார்வையைப் பற்றி நான் எழுதிக் கெடுக்க விரும்பவில்லை.

ஓய்வே எடுக்காமல் ஆடியது சுயநலம் இல்லையா?

அந்தக் காலத்திலேயே எழுந்த கேள்வி இது. 1990-இலும் 92-இலும் அவர் பேட்டிங் சராசரி 0.250 பக்கம், அதாவது நாலு முயற்சிக்கு ஒரு ஹிட் என்ற அளவுக்கு, இறங்கியபோது, பத்து நாள் உட்கார்ந்தால் சரியாகும், சாதனைக்காக அணியைப் பணயம் வைக்கிறார் என்று எழுதினார்கள். நான் யார் ஆடவேண்டும் என்று முடிவு செய்வதில்லை, மேனேஜர் பட்டியலில் எழுதுகிறார், நான் ஆடுகிறேன் என்பதே அவர் பதில்.

இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2,000 தாண்டிய பிறகு எந்த மேனேஜர் அவர் பெயரை எழுதாமல் விட்டிருப்பார்? ஆனால் தேய்ந்துபோனார் என்று சொல்லப்பட்ட அந்த 1990-இல்தான் மூன்றே எரர். களைத்தவருடைய கால் அல்ல அது. மோசமாக அடிக்கும் ரிப்கன்கூட பெஞ்சிலிருந்த மாற்று ஷார்ட்ஸ்டாப்பைவிட மேல் என்பது பெரும்பாலான வருடங்களில் சாதாரண உண்மை.

உலக சாதனை ஜப்பானில்தானே இருந்தது?

ஆமாம். ஹிரோஷிமா அணியின் சச்சியோ கினுகாசா 1987-இல் முடித்த தொடர் 2,215 ஆட்டம். அமெரிக்கப் பேச்சில் இது அடிபடுவதே குறைவு. 1996 ஜூனில் கான்சாஸ் சிட்டியில் ரிப்கன் அதைத் தாண்டியபோது, கினுகாசாவே நேரில் வந்து வாழ்த்தினார்.

எப்படி முடிந்தது?

யாரும் முடிக்கவில்லை, அவரே முடித்தார். 1998 செப்டம்பர் 20, சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம், யாங்கீஸோடு. தொடங்கச் சற்று முன் மேனேஜரிடம் போய், இன்றைக்கு வேண்டாம் என்றார். அவருக்குப் பதில் புதுப்பையன் ரயன் மைனரை இறங்கச் சொன்னார்கள். பையன் கலாய்க்கிறார்கள் என்றே நினைத்தானாம், "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். முதல் அவுட் விழுந்ததும் விஷயம் புரிந்த யாங்கீஸ் வீரர்கள் டக்அவுட் படியில் ஏறி நின்று கை தட்டினார்கள். கெரிக்கின் அணி.

அதன்பிறகு நெருங்கியவர்? மிகெல் தெஹாதா 1,152 வரை போனார். பாதிக்கும் கீழே.

ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து ஏன் மாற்றினார்கள்?

வயது. 1996 ஜூலையில் ஆறு ஆட்டம் மூன்றாம் பேஸில் வைத்துப் பார்த்தார்கள், ஊரே கொந்தளித்தது, திரும்ப விட்டார்கள். 1997-இல் மைக் போர்டிக் வந்ததும் நிரந்தரமாக மாறினார். மூன்றாம் பேஸில் ஓட வேண்டிய தூரம் குறைவு, பந்து வரும் வேகம் அதிகம். 36 வயதுக்காரருக்குச் சரியான இடம்தான்.

அவருடைய ஆகச் சிறந்த வருடம் எது?

பலரும் 1983 என்பார்கள், கோப்பை இருப்பதால். நான் 1991 என்பேன். சராசரி 0.323, 34 ஹோம் ரன், அவர் அடியால் அணிக்கு வந்த ரன் 114, கோல்டு கிளவ், ஹோம் ரன் போட்டி வெற்றி, ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர். ஒரே வருடத்தில். ஓரியோல்ஸ் அந்த வருடம் 95 ஆட்டம் தோற்றது. தோற்கும் அணியில் ஒருவர் அப்படி ஆடுவது எப்படி இருக்குமென்று, ஆளில்லாத கச்சேரியில் முழு ராகம் பாடியவர்களைக் கேட்டால் தெரியும்.

கடைசி வருடங்கள்?

1999 மார்ச்சில் அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அந்த வருடம் முதுகுவலியால் 86 ஆட்டம்தான் ஆட முடிந்தது, ஆனால் சராசரி 0.340, ஜூனில் அட்லாண்டாவோடு ஒரே ஆட்டத்தில் ஆறுக்கு ஆறு. 2000 ஏப்ரல் 15-இல் மினசோட்டாவில் மூவாயிரமாவது ஹிட்.

2001 ஜூனில் இதோடு போதும் என்று அறிவித்தார். ஜூலையில் சியாட்டிலில் ஆல்-ஸ்டார் ஆட்டம். ரிப்கன் பெயர் மூன்றாம் பேஸுக்கு. ஆட்டம் தொடங்கும் நேரம், ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க வேண்டிய அலெக்ஸ் ரோட்ரிகஸ் வந்து, நீங்கள் அங்கே போங்கள் என்று அவரைத் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டார். சின்ன வயதில் ரிப்கனைப் பார்த்து வளர்ந்த, அதே உயரமான உடம்புக்காரர் அவர். அடுத்து ரிப்கன் மட்டை பிடித்தபோது சான் ஹோ பார்க் வீசிய முதல் பந்தே வேலிக்கு வெளியே. நாற்பது வயதில் மறுபடி சிறந்த வீரர்.

கடைசி ஆட்டம் நியூயார்க்கில் இருந்திருக்க வேண்டும். செப்டம்பர் 11 தாக்குதலால் அட்டவணை தள்ளிப்போய், அக்டோபர் 6-இல் சொந்த ஊரிலேயே அமைந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் அடுத்து இறங்க மட்டையோடு காத்திருந்தார். முன்னால் ஆடிய பிரேடி ஆண்டர்சன் பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக்அவுட். இன்னொரு முறை ஆடக் கிடைக்கவில்லை.

மொத்தக் கணக்கு?

3,001 ஆட்டம், 3,184 ஹிட், 431 ஹோம் ரன், சராசரி 0.276, 19 ஆல்-ஸ்டார் தேர்வு. 431-இல் 345 ஷார்ட்ஸ்டாப்பாக நின்ற ஆட்டங்களில் அடித்தது. அந்த இடத்தில் நின்ற வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. மறுபக்கமும் உண்டு: ஒரே அடியில் இருவரை அவுட்டாக்கிவிடும் இரட்டை ஆட்டத்தில் 350 முறை சிக்கினார். மெதுவாக ஓடுபவர், விடாமல் ஆடுபவர். இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். 21 வருடமும் ஒரே அணி. 2007-இல் 98.53 சதவீத வாக்கோடு கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழரங்கத்தில் சேர்ந்தார். 2024-இல் ஓரியோல்ஸை வாங்கிய குழுவில் ஒரு பங்குதாரர்.

ஒரே ஒரு காட்சியைப் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

1995-ஐத்தான் எல்லாரும் அனுப்புவார்கள், அதுவும் நல்லதுதான். நான் 1983 அக்டோபர் 16-ஐ அனுப்புவேன். உலகத் தொடர் ஐந்தாம் ஆட்டம், 5–0, ஃபிலடெல்ஃபியாவின் கடைசி பேட்டர் கேரி மேடக்ஸ். ஸ்காட் மெக்ரெகர் வீசுகிறார். மட்டையில் பட்ட பந்து தரையில் விழாமல் ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி நேராக வருகிறது. பாய வேண்டியதில்லை, விழ வேண்டியதில்லை. ரிப்கன் அங்கேதான் நிற்கிறார்.